ஜெட் இஞ்சின் தந்த பிராங்க் விட்டல்

வானத்தில் ஆகாய விமானம் போகும்போது அண்ணாந்து பார்க்காத பிள்ளை நம் தோட்டத்தில் உண்டா? சத்தம் காதில் விழுந்ததும் விளையாட்டை நிறுத்திவிட்டு, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, அது மேகத்துக்குள் மறையும் வரை பார்ப்பார்கள். பெரியவர்களும் பார்ப்பதுண்டு. ஆனால் அந்த விமானத்தைத் தள்ளிக்கொண்டு போகும் இஞ்சினை நினைத்துப் பார்த்து உருவாக்கியவர் யார், அவர் எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்கத் தோன்றுவதில்லை.

அவர் பிரபு வீட்டுப் பிள்ளை அல்ல. ஒரு மெக்கானிக்கின் மகன். உயரம் போதாது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட பையன். பிராங்க் விட்டல் என்பது அவர் பெயர்.

பரிசளிப்பு விழா மலரில் அவருடைய வாழ்க்கையை எழுதுவதற்குக் காரணம் உண்டு. இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளுக்கு எத்தனையோ பேர் வாழ்த்துச் சொல்வார்கள். இந்த ஆண்டு மேடை ஏறாத பிள்ளைகளுக்கும் சொல்ல ஒரு வரலாறு வேண்டும் அல்லவா?

பிறப்பும் இளமையும்

பிராங்க் விட்டல் 1907ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி இங்கிலாந்திலுள்ள கோவென்ட்ரி நகரில் பிறந்தார். பெற்றோர் லங்காஷயர் பகுதிப் பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். தந்தை மோசஸ் விட்டல் கைவேலையில் கெட்டிக்காரர். எதையாவது புதிதாகச் செய்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

பிராங்குக்கு ஒன்பது வயதானபோது, தந்தை சேர்த்து வைத்த காசையெல்லாம் போட்டு லெமிங்டன் என்ற ஊரில் ஒரு சிறிய பட்டறையை வாங்கினார். இஞ்சினுக்கு வேண்டிய வால்வுகளும் பிஸ்டன் வளையங்களும் செய்யும் பட்டறை அது. பள்ளி விட்டதும் பையன் நேராக அங்கே போய்விடுவான். கடைசல் இயந்திரத்தில் இரும்பு கடைவதும் துளை போடுவதும் அங்கேதான் அவன் கைக்கு வந்தன.

பதினோராவது வயதில் உபகாரச் சம்பளம் பெற்று இடைநிலைப் பள்ளியில் சேர்ந்தான். அதற்குப் பிறகு தந்தையின் தொழில் நொடித்தது. குடியிருந்த வீடும் போயிற்று. குடும்பம் பட்டறைக்கு மேலேயே குடியேறியது. பையன் வகுப்பில் முதல் மாணவனும் அல்ல. வீட்டுப்பாடம் செய்வதில் அவனுக்கு அத்தனை விருப்பமும் இல்லை. ஆனால் ஊர் நூல்நிலையத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பான். விமானம் எப்படிப் பறக்கிறது, நீராவிச் சுழலி எப்படி வேலை செய்கிறது என்று கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்தான். அந்த நூல்நிலையத்தில் படிக்கக் காசு கேட்கவில்லை.

வாசலில் தடை

பதினைந்து வயதில் பிரிட்டிஷ் விமானப் படையில் தொழிற்பயிற்சி மாணவனாகச் சேர விண்ணப்பித்தான். எழுத்துத் தேர்வில் நல்ல முறையில் தேறினான். 1923 ஜனவரியில் ஹால்டன் பயிற்சி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தான். இரண்டே நாளில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மருத்துவச் சோதனையில் உயரம் ஐந்தடிதான் இருந்தது, மார்பளவும் போதவில்லை.

வேறு பையனாக இருந்தால் அழுதுகொண்டு வீட்டுக்குப் போய், அதோடு விட்டிருப்பான். அந்த முகாமில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கும் ஒருவர் பையனைக் கண்டு இரங்கினார். என்ன சாப்பிட வேண்டும், எந்தெந்தப் பயிற்சி செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். பிராங்க் ஆறு மாதம் அதை விடாமல் செய்தான். உயரம் மூன்று அங்குலம் கூடிற்று; மார்பும் மூன்று அங்குலம் விரிந்தது.

மகிழ்ச்சியோடு மறுபடி விண்ணப்பித்தான். ஒருமுறை தள்ளப்பட்டவனை மறுபடி சேர்ப்பதில்லை என்று பதில் வந்தது. விதி அப்படி. பையன் சும்மா இருந்தானா? இல்லை. முன்பு தள்ளப்பட்டதைச் சொல்லாமல், புதிதாக வருபவனைப் போல இன்னொரு விண்ணப்பம் போட்டான். அது சரியா தவறா என்று வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். ஆனால் தேர்வை அவன் மறுபடியும் எழுதினான், மறுபடியும் தேறினான். அதில் மறைக்க ஒன்றும் இல்லை. 1923 செப்டம்பரில் கிரான்வெல் என்ற இடத்தில் பயிற்சி மாணவனாகச் சேர்க்கப்பட்டான். கிரான்வெல் என்ற அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடி வரும்.

மூன்றாண்டுப் பயிற்சி. இஞ்சினைக் கழற்றிப் பூட்டுவது, உலோகத் தகடு அடிப்பது எல்லாம் கற்றான். மாதிரி விமானங்கள் கட்டும் மாணவர் சங்கத்தில் அவன்தான் முன்னால் நிற்பான். அந்த மாதிரி விமானங்களைப் பார்த்த மேலதிகாரி பார்ட்டன், பையனிடம் சரக்கு இருக்கிறது என்று கண்டுகொண்டார். பயிற்சி மாணவர்களில் ஐந்து பேரை மட்டுமே அதிகாரிகளுக்கான கல்லூரிக்கு எடுப்பார்கள். பிராங்க் ஆறாவதாக நின்றான். முதல் இடத்தில் இருந்த மாணவர் மருத்துவச் சோதனையில் தேறாததால் அந்த இடம் இவனுக்குக் கிடைத்தது. உடம்பைக் காட்டித் தள்ளப்பட்ட பையனுக்கு, இன்னொருவர் உடம்பு தேறாததால் வழி திறந்தது.

கல்லூரியில் விட்டல் விமான ஓட்டியாகவும் சிறந்து விளங்கினார். 1928இல் வெளியேறும்போது படிப்பில் இரண்டாம் இடம். விமானவியலுக்கான பரிசும் அவருக்கே. பார்த்தீர்களா, அவருக்கும் ஒரு பரிசளிப்பு நாள் வந்தது!

ஒரு புதிய எண்ணம்

கல்லூரியில் எழுதிய ஆய்வுக் கட்டுரையில்தான் அவருடைய பெரிய எண்ணம் தொடங்கியது. அப்போது அந்நாட்டுப் போர் விமானங்கள் மணிக்குச் சுமார் 240 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தன. விட்டல் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தைப் பற்றி எழுதினார். அதற்கு மிக உயரத்தில் பறக்க வேண்டும். அங்கே காற்று மெலிந்திருப்பதால் விமானத்தைத் தடுக்கும் சக்தி குறைவு. ஆனால் அதே மெலிந்த காற்றில் பிஸ்டன் இஞ்சினுக்கு மூச்சு முட்டும். முன்னால் சுழலும் விசிறியாலும் காற்றைச் சரியாகப் பிடிக்க முடியாது. ஆகவே வேறு வகை இஞ்சின் வேண்டும்.

1929இல் அதற்கு விடை கண்டார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

அந்த இஞ்சின் எப்படி வேலை செய்கிறது? ஒரு பலூனை ஊதி, வாயைக் கட்டாமல் விட்டுப் பாருங்கள். காற்று பின்னால் பீறிட்டுப் போகும். பலூன் முன்னால் பாயும். ஜெட் இஞ்சினும் அதையேதான் செய்கிறது. முன்பக்கம் ஒரு சக்கரம் வேகமாகச் சுழன்று காற்றை உள்ளே இழுத்து அழுத்தும். அழுத்திய காற்றில் எண்ணெய் தூவி எரிப்பார்கள். காற்று சூடேறி விரிந்து பின்பக்கம் பாயும். பாயும் வழியில் சுழலி என்னும் இன்னொரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போகும். அந்தச் சுழலியும் முன்னால் இருக்கும் சக்கரமும் ஒரே அச்சில் பூட்டப்பட்டவை. ஆகவே பின்னது சுழன்றால் முன்னதும் சுழலும், மேலும் காற்று உள்ளே வரும். மிச்சமுள்ள சக்தியோடு வெளியே பீறிடும் காற்று விமானத்தை முன்னால் தள்ளும். பிஸ்டன் இல்லை, விசிறி இல்லை. சுழலும் பாகம் ஒன்றே ஒன்று.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. செய்வதோ கடினம். அந்தச் சூட்டையும் அந்தச் சுழற்சியையும் தாங்கும் உலோகம் அன்றைக்கு இல்லை.

ஐந்து பவுன்

உடன் பணியாற்றிய பாட் ஜான்சன் என்ற அதிகாரி முன்பு காப்புரிமை வேலை பார்த்தவர். அவர் வழிகாட்ட, விட்டல் தமது எண்ணத்தை விமான அமைச்சிடம் கொண்டு போனார். அங்கே இத்துறை அறிந்த கிரிபித் என்னும் அறிஞர் கணக்கில் பிழை இருக்கிறது என்றார். இது நடைமுறைக்கு ஆகாது என்று அமைச்சும் கைவிட்டது. ஆயினும் விட்டல் 1930 ஜனவரி 16இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அது 1932இல் அச்சாகி வெளிவந்தது. பயனில்லாத எண்ணம் என்று கருதியதால் அரசாங்கம் அதை இரகசியமாக வைக்கவில்லை. எந்த நாட்டவரும் வாங்கிப் படிக்கலாம் என்ற நிலை.

1934இல் விமானப் படை அவரை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க அனுப்பியது. 1935 ஜனவரியில் காப்புரிமையைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. கட்டணம் ஐந்து பவுன். மனைவியும் இரண்டு சிறு பிள்ளைகளும் உள்ள குடும்பம், சம்பளம் குறைவு. அமைச்சும் கட்ட மறுத்தது. உலகத்தையே மாற்றப்போகும் ஒரு கண்டுபிடிப்பின் உரிமை, ஐந்து பவுன் கட்டாததால் கைவிட்டுப் போயிற்று.

காசில்லாமல் ஒரு பொருளைக் கைவிடுவது எப்படி இருக்கும் என்று நம் தோட்டத்துப் பெற்றோருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நல்ல வேளையாகச் சில மாதங்களில் ஒரு கடிதம் வந்தது. கிரான்வெல்லில் கூடப் படித்த டட்லி வில்லியம்ஸ் எழுதியிருந்தார். அவரும் டின்லிங் என்ற நண்பரும் பணம் திரட்ட முன்வந்தார்கள். புதிய திருத்தங்களுக்குப் புதிய காப்புரிமைகள் பெறப்பட்டன. 1936 மார்ச்சில் பவர் ஜெட்ஸ் என்ற சிறிய கம்பெனி பிறந்தது. விட்டல் இன்னும் விமானப் படை அதிகாரி; ஆகவே வாரத்துக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்த வேலையைப் பார்க்கக் கூடாது என்று நிபந்தனை. அதே ஆண்டில் கேம்பிரிட்ஜ் தேர்வில் முதல் வகுப்பில் தேறினார்.

தீயோடு போராட்டம்

முதல் தொல்லை நெருப்புதான். பம்பு அடித்துக் கொளுத்தும் மண்ணெண்ணெய் அடுப்பைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். பலமாகக் காற்றடித்தால் அது அணைந்துவிடும். விட்டலின் இஞ்சினிலோ புயலைப் போல் காற்று பாயும் இடத்தில், மிகச் சிறிய கலத்துக்குள், அணையாமல் நெருப்பு எரிய வேண்டும். ஒரு தொழிற்பொருட்காட்சியில் கடை கடையாகப் போய்க் கேட்டார். பல கம்பெனிக்காரர்கள் சிரித்தார்கள். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த லெய்ட்லா டிரூ என்ற சிறிய கம்பெனி மட்டும் முயன்று பார்க்கிறோம் என்றது.

1937 ஏப்ரல் 12இல் ரக்பி நகரத் தொழிற்சாலை ஒன்றில் முதல் இஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். விட்டலே எண்ணெய் வால்வைத் திறந்தார். இஞ்சின் சீறிக்கொண்டு வேகம் எடுத்தது. எரிகலத்தின் மேல்தகடு சிவந்தது. வால்வை மூடிய பிறகும் வேகம் குறையவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஒரே ஓட்டம்! விட்டல் மட்டும் நின்ற இடத்தில் அசையாமல் நின்றார். தைரியத்தால் அல்ல, கால் எழவில்லை. பிறகு காரணம் தெரிந்தது. கசிந்த எண்ணெய் உள்ளே தேங்கிக் கிடந்திருக்கிறது. அது எரிந்து முடியும் வரை இஞ்சின் நிற்கவில்லை.

அதன்பின் லட்டர்வொர்த் என்ற ஊரில் ஒரு பழைய வார்ப்படப் பட்டறைக்கு வேலை மாறியது. புது இஞ்சின் வாங்கக் காசில்லை. உடைந்த இஞ்சினின் பாகங்களையே மறுபடி பூட்டி ஓட்டினார்கள். சுழலியின் தகடுகள் பிய்ந்தன, மறுபடி செய்தார்கள். ஒரு பெரிய எரிகலத்துக்குப் பதிலாகப் பத்துச் சிறிய எரிகலங்கள் வைத்தார்கள். 1939 ஜூன் 30இல் அமைச்சின் ஆராய்ச்சித் தலைவர் வந்து, இஞ்சின் இருபது நிமிடம் சீராக ஓடியதைக் கண்ணால் கண்டார். அப்போதுதான் அரசாங்கம் கைகொடுத்தது. பிறகு ஷெல் எண்ணெய்க் கம்பெனியைச் சேர்ந்த லபக் அமைத்துத் தந்த எரிகலம் தீயின் தொல்லையைத் தீர்த்தது.

இதற்குள் ஜெர்மனியில் ஹான்ஸ் வான் ஓஹைன் என்ற இளைஞர் பணக்கார விமானக் கம்பெனி ஒன்றின் ஆதரவோடு தம் ஜெட் இஞ்சினை முடித்துவிட்டார். உலகின் முதல் ஜெட் விமானம் 1939 ஆகஸ்ட் 27இல் ஜெர்மனியில்தான் பறந்தது. பத்தாண்டுக்கு முன்பே எண்ணியவர் விட்டல். முதலில் பறக்கவிட்டவர் ஓஹைன். கைகொடுப்பவர் காலத்தில் கைகொடுத்தாரா இல்லையா என்பதில்தான் அந்த வித்தியாசம்.

மறுபடியும் கிரான்வெல்

1941 மே 15, மாலை நேரம். குளோஸ்டர் கம்பெனி கட்டிய சிறிய விமானம் ஓடுபாதையில் நின்றது. நீளம் சுமார் 25 அடி; நம் வகுப்பறை அளவுதான் இருக்கும். உள்ளே விட்டலின் இஞ்சின். அதன் சக்கரம் நிமிடத்திற்கு 16,500 சுற்றுச் சுற்றும். தள்ளும் சக்தி ஏறக்குறைய 390 கிலோ. ஜெர்ரி சேயர் என்ற விமானி அதை ஓட்டினார். முன்னால் சுழலும் விசிறி இல்லாத அந்த விமானம் 17 நிமிடம் பறந்து பத்திரமாக இறங்கியது.

எந்த இடத்தில் தெரியுமா? அதே கிரான்வெல்லில்! பதினெட்டு ஆண்டுக்கு முன்பு பயிற்சி மாணவனாக நுழைந்த இடத்திலேயே அவருடைய இஞ்சின் வானம் ஏறியது.

அவ்வாண்டு அக்டோபரில் அவருடைய இஞ்சின் ஒன்று அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி அதைப் பார்த்துத்தான் ஜெட் இஞ்சின் செய்யக் கற்றுக்கொண்டது. 1942 அக்டோபரில் அமெரிக்காவின் முதல் ஜெட் விமானம் பறந்தது. 1944 ஜூலையில் பிரிட்டனின் மீட்டியோர் ஜெட் போர் விமானம் படையில் சேர்ந்தது.

அடைந்ததும் இழந்ததும்

ஆனால் அந்த மனிதர் என்ன ஆனார்? இரவு பகலாக உழைத்ததில் உடம்பு இளைத்தது. தூக்கமில்லை, நரம்புத் தளர்ச்சி கண்டு பலமுறை மருத்துவமனையில் கிடந்தார். இஞ்சினைத் தயாரிக்கும் வேலை பெரிய கம்பெனிகளின் கைக்குப் போயிற்று. தம் பங்குகளைத் தாமே முன்வந்து அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். 1944இல் பவர் ஜெட்ஸ் கம்பெனியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அவர் கைக்கு வந்தது 10,000 பவுன். கட்டி வளர்த்த கம்பெனி இனி இஞ்சின் செய்யாது என்ற நிலை வந்ததும், 1946இல் மனம் நொந்து விலகினார்.

1948இல் அரசாங்கம் ஒரு இலட்சம் பவுன் பரிசும் சர் பட்டமும் அளித்தது. உடல்நலக் குறைவால் அவ்வாண்டே விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்றார். 1976இல் அமெரிக்காவில் குடியேறினார். ஜெர்மானியர் ஓஹைனோடு பிற்காலத்தில் நட்புக் கொண்டார். ஒருவரையொருவர் அறியாமல், எதிரெதிர் நாடுகளில் ஒரே வேலையைச் செய்த அந்த இருவருக்கும் 1991இல் பொறியியலுக்கான டிரேப்பர் பரிசு சேர்த்தே கொடுக்கப்பட்டது. 1996 ஆகஸ்ட் 9இல், 89ஆவது வயதில் விட்டல் காலமானார். அவருடைய அஸ்தியை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து வைத்த இடமும் கிரான்வெல்தான்.

சின்ன இஞ்சின்களின் வழி

போருக்குப் பிறகு ஜெட் இஞ்சின் இரண்டு வழியில் வளர்ந்தது. ஒன்று, நூற்றுக்கணக்கானவரை ஏற்றிச் செல்லும் விமானங்களுக்கான பெரிய இஞ்சின். மற்றொன்று, ஓரிருவர் மட்டும் ஏறும் இலகு விமானங்களுக்கான சின்ன இஞ்சின். பிரான்சில் டர்போமேக்கா கம்பெனி செய்த மார்போரே என்ற சின்ன இஞ்சின், விட்டலின் இஞ்சின் அளவுக்கே, ஏறக்குறைய 400 கிலோ தள்ளியது. காற்றை அழுத்த ஒற்றைச் சக்கரம் வைக்கும் முறையையே அதுவும் கையாண்டது. அந்த மாதிரி இரண்டு இஞ்சின் பூட்டிய பூகா மஜிஸ்டர் என்ற பயிற்சி விமானம் 1952இல் பறந்தது. பல நாட்டு இளைஞர்கள் ஜெட் ஓட்டக் கற்றது அதில்தான்.

நம் நாட்டுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. 1967 முதல் மலேசிய விமானப் படை கனடாவிலிருந்து 20 சிறிய ஜெட் விமானங்களைத் தருவித்தது. தெபுவான் என்று பெயர். தெபுவான் என்றால் குளவி என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். குவாந்தானிலிருந்து அவை பறந்த காலத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்ட பெரியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கலாம். அந்தக் குளவிக்குள் இருந்த சின்ன இஞ்சின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி வரைந்தது. தன் எடையைப் போல் ஆறு மடங்குக்கு மேல் தள்ளக்கூடியது. ஜெட் இஞ்சின் செய்ய அந்தக் கம்பெனி யாரிடம் கற்றது என்று மேலே படித்தீர்கள். லெமிங்டன் பட்டறைப் பையனின் கணக்கு அப்படித்தான் குவாந்தான் வானம் வரைக்கும் வந்தது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

விட்டலின் வாழ்க்கையைப் படிக்கும்போது, அவருடைய அறிவை மட்டும் பார்த்தால் போதாது. கைகொடுத்தவர்களையும் பார்க்க வேண்டும். பயிற்சி எழுதிக் கொடுத்த உடற்பயிற்சி ஆசிரியர், மாதிரி விமானத்தைப் பார்த்துச் சிபாரிசு செய்த பார்ட்டன், காப்புரிமைக்கு வழிகாட்டிய ஜான்சன், மறக்காமல் கடிதம் எழுதிய நண்பர். இவர்களில் ஒருவர் இல்லாவிட்டாலும் அந்தக் கணக்கு ஒரு நோட்டுப் புத்தகத்திலேயே கிடந்து மக்கிப்போயிருக்கும்.

நம் பிள்ளைகளிலும் அப்படிச் சிலர் இருப்பார்கள். புள்ளி குறைவாக இருக்கும். ஆனால் பழைய சைக்கிளைப் பிரித்துப் பூட்டுவான். வீட்டுப்பாடம் செய்திருக்க மாட்டாள். ஆனால் கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் படிப்பாள். இது தேறாது என்று நாம் சொல்லிவிடுவது சுலபம். அதைச் சொல்லுமுன் ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாம். தொழிற்பயிற்சிக்குப் போவது தாழ்வு என்று எண்ண வேண்டாம்; ஜெட் இஞ்சின் வந்தது அந்த வழியாகத்தான். கட்ட வேண்டிய சிறு கட்டணம் கைக்கு எட்டாமல் போனால், வெட்கப்பட்டு மறைக்காமல் பள்ளியில் வந்து சொல்லுங்கள். ஐந்து பவுன் கதை நம் பிள்ளைகளுக்கு நேரக் கூடாது.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு பெற்றவர்களுக்கு என் வாழ்த்துகள். பெறாதவர்களே, உங்களுக்கு அதைவிடப் பெரிய வாழ்த்து. அடுத்த முறை தலைக்கு மேலே ஜெட் விமானம் போகும்போது நன்றாக அண்ணாந்து பாருங்கள். அத்தகைய இஞ்சினை எண்ணி உருவாக்கியவர், உயரம் போதாது என்று திருப்பி அனுப்பப்பட்ட ஐந்தடிப் பையன்.